பக்கம் திருப்பிய கை

நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் இது சுடுகாட்டுப் பக்கம் நள்ளிரவில் ஒற்றை ஆள் பார்த்த சமாசாரம் இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸ் மன்றத்தில், குழல் விளக்கு எரிய, முந்நூறு பேர் கண்ணெதிரே நடந்தது. 1994 ஜனவரி. மாலை ஆறரை மணி.

அன்று மேடையேறியவர் ஜேம்ஸ். டாங்கித் தொழிற்சாலை ஃபிட்டர் மகன், லண்டன் போய்ப் பெரிய பியானோ கலைஞர் ஆகிவிட்டவர். நம்ம வீட்டுப் பிள்ளை வாசிக்கிறது என்று குவார்ட்டர்ஸே திரண்டு வந்திருந்தது. அவருக்கோ யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

காரணம் வனஜா. அடுத்த பிளாக் பெண். அவளுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. ஆனால் நோட்ஸ், அதாவது இசைக்குறிப்பு, படிப்பாள். அந்த நாளில் ஜேம்ஸ் வாசிக்கும்போது இடப்பக்கம் உட்கார்ந்து, அவர் தலையசைத்ததும் எழுந்து பக்கம் திருப்புவாள். வளையல் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று அதன்மேல் ஒரு கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருப்பாள். பக்கம் திருப்புகிறவர்களுக்குக் கைதட்டல் கிடையாது. தப்பு நடந்தால்தான் அங்கே ஒருத்தர் இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியும்.

1985இல் லண்டன் படிப்புக்கு ஆள் எடுக்க ஒரு கச்சேரி. பாதியில் ஜேம்ஸுக்கு விரல் தடுமாறி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போனது. நிறுத்திவிட்டார். சபை மொத்தமும் பார்த்தது. அவர் வனஜா பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பக்கத்த தப்பா திருப்பிட்டா."

அவள் சரியாகத்தான் திருப்பியிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது, விமானம் ஏறினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். பிறகு ஒரு கடுதாசி போடவும் அவருக்குக் கை வரவில்லை. இந்தக் கச்சேரி முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பதாக இருந்தார். அவள் எப்படி இருக்கிறாள் என்று யாரிடமும் விசாரிக்கக்கூட வாய் எழவில்லை.

"பக்கம் திருப்ப ஒருத்தர சொல்லி வெச்சிருக்கேன் சார். இதோ வந்துடுவாரு" என்றார் மன்றச் செயலாளர் உலகநாதன்.

ஜேம்ஸ் பியானோ முன் உட்கார்ந்தார். நோட்ஸ் புத்தகம் ஏற்கெனவே பியானோ மேல் தாங்கியில் விரிந்திருந்தது. உலகநாதன் எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். இடப்பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஆள் வந்தாயிற்று. திரும்பிப் பார்க்காமல் வாசிக்க ஆரம்பித்தார். 1985இல் பாதியில் நின்றுபோன அதே இசை.

முதல் பக்கம் முடிந்தது. தலையசைத்தார். பக்கம் திரும்பியது. சரியான நொடியில்.

ஏதோ கருகிய வாடை...

காற்றில் தாள் படபடத்தது. வலக்கை ஓய்ந்திருந்த நேரத்தில் அதை அழுத்தினார். ஓரம் பொடிந்து விரலில் ஒட்டியது.

அப்போதுதான் அட்டை கண்ணில் பட்டது. அவருடைய புத்தகத்துக்கு நீல அட்டை. இதற்குப் பழுப்புக் காகித உறை.

பக்க மூலையில் பென்சிலில் ஒரு சின்ன வட்டம். திருப்ப வேண்டிய இடத்துக்கு வனஜா போடும் வட்டம்.

மறுபடி தலையசைத்தார். ஒரு கை வந்தது. மணிக்கட்டில் கைக்குட்டை.

திரும்பிப் பார்க்க அவர் துணியவில்லை. விரல்கள் மட்டும் ஓடின.

அந்த இடம் வந்தது. அன்று தடுமாறிய இடம்.

தலையசைத்தார்.

கை தாளின் மேல் நின்றது. திருப்பவில்லை.

இசை நின்றது.

அன்று போலவே சபை மொத்தமும் பார்த்தது.

"மன்னிச்சிடு" என்று முணுமுணுத்தார்.

கை அசையவில்லை.

அவருக்குப் புரிந்தது. எழுந்து சபையைப் பார்த்தார்.

"எம்பத்தஞ்சுல கச்சேரி பாதியில நின்னுச்சே, அன்னிக்கு தப்பு என்னோடது. வனஜா சரியாத்தான் திருப்புனா. நான்தான் பொய் சொன்னேன்."



பின்னால், மெல்ல... தாள் திரும்பும் சத்தம்.

உட்கார்ந்து மீதியை வாசித்து முடித்தார். கைதட்டல் எழுந்தபோதுதான் இடப்பக்கம் பார்த்தார். காலி நாற்காலி. தாங்கியிலும் ஒன்றும் இல்லை.

உலகநாதன் ஓடி வந்தார். "அந்த ஆளு வரவே இல்ல சார். புக்கும் உங்க பையிலயே கீது. எப்படி சார், பார்க்காமலே வாசிச்சீங்க?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். வனஜாவின் தாய் பஞ்சவர்ணம்.

"இம்மாம் பேர் எதிர்ல சொன்னியே தம்பி. அது போதும்."

"வனஜா எங்கம்மா?"

"உனக்குத் தெரியாதா? எம்பத்தெட்டுல மஞ்சக்காமால வந்து போய்ட்டா."

ஜேம்ஸ் கேட்டார். "அவளோட புக்கு... பழுப்பு அட்ட போட்டது?"

"அத வெச்சுகினு நான் இன்னா பண்றது? அவ நெஞ்சு மேல வெச்சு, அவளோடவே எரிச்சிட்டோம்."

ஜேம்ஸ் பியானோவைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளைக் கட்டைகளில், அவர் விரல் பட்ட இடமெல்லாம் கரி.