மூளைக்கும் ஒரு வகிடு

பிசியோதெரபி கூடத்தில் பயிற்சி கொடுக்கும் அவரை எல்லோரும் 'அதாவது அக்கா' என்றுதான் அழைப்பார்கள். டாக்டர் சொல்லிவிட்டுப் போனதை நோயாளிக்கு விளக்க அவர் வாயைத் திறந்தாலே முதலில் விழும் சொல் அது. அதாவது, மூட்டு ஒரு கதவுக் கீல் மாதிரி. அதாவது, நரம்பு ஒரு ஒயர் மாதிரி.

ஒயரை மட்டும் பிறகு விட்டுவிட்டார். எலக்ட்ரீஷியன் ஒருவர், "அறுந்த இடத்துல டேப் சுத்தினா போதுமே, எதுக்கு மேடம் தினமும் கையைப் போட்டு இழுக்குறீங்க?" என்று கேட்டதிலிருந்து, ஓர் உவமை எங்கே உடையும் என்று யோசிக்காமல் அதை யாரிடமும் சொல்வதில்லை.

அவரையே திணறடித்தார் ஒரு சலூன்காரர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. விரல்களில் லேசான அசைவு இருந்தது. விடாமல் பயிற்சி செய்தால் மறுபடி கத்தரி பிடிக்கலாம். அவரோ கையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கடையை வேறு யாருக்காவது விட்டுவிடும்படி மனைவியிடம் சொல்லியும் விட்டார்.

"அண்ணே, ஒரு தடவை இந்தப் பந்தை அமுக்கித்தான் பாருங்களேன்."

"எதுக்கும்மா? மூளையில செல்லு செத்துப்போச்சு, திரும்ப வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. செல்லு போன டார்ச்சைத் தட்டிக்கிட்டே இருந்தா எரியுமா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. டாக்டர் சொன்னதில் பிழையில்லை. 'செல்' என்ற சொல்தான் இவர் காதில் பேட்டரியாக விழுந்து, யாரும் சொல்லாத உவமையாக உட்கார்ந்துவிட்டது. அதை எழுப்பி அனுப்ப இன்னோர் உவமை வேண்டும்.

"உங்ககிட்ட வழுக்கைத் தலைக்காரங்க வருவாங்கல்ல? அவங்களுக்கு என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்து முடியை இழுத்துச் சீவி மூடுவேன்."

"அதாவது, மூளையும் அதைத்தான் பண்ணும். செத்த செல்லு முளைக்காது. பக்கத்துல உசுரோட இருக்குறது அதோட வேலையை இழுத்துப் போட்டுக்கும்."

சலூன்காரர் சிரித்துவிட்டார். ஒரு பக்கம் கோணிய சிரிப்புதான். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு காத்தடிச்சா மானம் போயிடுமேம்மா! என் கையும் அப்படி ஊரை ஏமாத்தத்தானா?"

உவமை உடைந்தது. அக்கா அதை முட்டுக்கொடுத்து நிறுத்தப் பார்க்கவில்லை.

"அப்ப அது வேணாம். தொழில் உங்களது, சரியானதை நீங்களே சொல்லுங்க. இருக்குற செல்லைப் புது வேலைக்குப் பழக்கணும். தினமும் பழக்கினாத்தான் படியும்."

"படியும்னா..." அவர் கண்கள் சுருங்கின. "அது வகிடு மாத்துற வேலைம்மா. இந்தப் பக்க வகிட்டை அந்தப் பக்கம் எடுத்தா முடி முரண்டு பிடிக்கும். சீப்பை எடுத்ததும் எழுந்து நிக்கும். தண்ணி தொட்டுத் தினமும் சீவினா ஒருநாள் தானா விழும். எப்பவாவது சீவிட்டு, 'படியலையே'ன்னு வர்றவனை நல்லாத் திட்டுவேன்."

"இப்ப உங்களை யாரு திட்டுறது?" என்றார் மனைவி.

சலூன்காரர் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் எடுத்து நீட்டினார். பிறகு, "அந்தப் பந்தைக் குடும்மா" என்றார்.

பந்து நழுவியது. மறுபடி நழுவியது. விரல்கள் பழையபடி சுருண்டுகொண்ட நாட்களில், "இன்னும் முரண்டு பிடிக்குது, சீவுவோம்" என்று அவரே சொல்லிக்கொண்டார். பந்து போய்ச் சீப்பு வந்தது. சீப்பு போய்க் கத்தரி வந்தது. கூடத்தில் மற்ற நோயாளிகளும், "இன்னைக்குச் சீவியாச்சா?" என்று ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

கடையை மறுபடி திறந்த காலையில் அக்கா வேலைக்குப் போகும் வழியில் வாசலில் நின்றார். நாற்காலியில் முதலில் துணிந்து உட்கார்ந்தவர் சலூன்காரரின் மச்சான்.

"மச்சான், எனக்குக் காது ரெண்டே ரெண்டுதான், ஞாபகம் வச்சுக்க."

"வாயை மூடு. ஆட்டினா ஒண்ணு குறையும்."

கத்தரி முதலில் தயங்கியது. பிறகு மெல்லப் பேசத் தொடங்கி, காதோரம் சுற்றி, பிடரியில் இறங்கிச் சீராக ஓடியது. மச்சான் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்து, சொல்லக் குறையொன்றும் கிடைக்காமல் எழுந்தார்.

சலூன்காரர் துணியை வலது கையாலேயே உதறினார். பெஞ்சில் காத்திருந்தவர்களைப் பார்த்து, தெருமுனை வரை கேட்கிற குரலில் கூப்பிட்டார்:

"அடுத்து யாரு?"