இடது பக்கம் சாய்ந்த பிக்கப்

எங்கள் பிக்கப் இப்போது நேராக நிற்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது நல்ல விஷயம். எனக்கு மட்டும் அது சாய்ந்து நின்ற காலத்தின்மேல்தான் ஆசை. அப்படி ஒன்றும் பழைய கதையில்லை, நாலைந்து வருஷம்தான் ஆகிறது.

ரத்தோட்டைக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் காணி உண்டு. போஞ்சியும் கறிமிளகாயும் போடுவோம். வாரத்தில் மூன்று நாள் விடிந்ததும் பறித்து, மூட்டை கட்டி, நானும் என் வீட்டுக்காரரும் தம்புள்ளைச் சந்தைக்குக் கொண்டுபோவோம். பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் போன பிறகு எனக்கு வாழ்க்கை என்று இருந்தது அந்த மூன்று நாள்தான். வீட்டில் அவர் வாய் திறக்க மாட்டார். போட்டதைச் சாப்பிடுவார், ரேடியோ கேட்பார், படுப்பார். வண்டி ஓடும்போதுதான் அவருக்குப் பேச்சு வரும். கண் ரோட்டில் இருக்க வேண்டும், கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், அப்போதுதான் மனுஷனுக்கு வாய் திறக்கும். பலாபத்வெலயில் ஆரம்பித்தால் நாலந்த தாண்டும்வரை அவருடைய சின்ன வயசுக் கதை ஓடும். நாவுலயில் நிறுத்திப் பிளேன்டீயும் பணிசும் சாப்பிடுவோம். அதற்கப்புறம் என்னுடைய முறை. திரும்பி வரும்போது அவித்த சோளம் வாங்கி ஆளுக்கொன்று தின்றுகொண்டே வருவோம்.

அந்த இடது பக்க சீட் என்னுடையது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அதனால்தான் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தபோது அவரிடம் மூச்சு விடவில்லை. போஞ்சித் தோட்டத்துப் படியில் ஒருநாள் சறுக்கி விழுந்தேன். அன்றிலிருந்து காலை மடக்கித் தூக்கினால் உயிர் போகும். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் எனக்கு இருமல் வந்தபோது, "நீ வீட்டுல படு, நான் போயிட்டு வாறேன்" என்று இரண்டு வாரம் தனியாகப் போனவர் அவர். அந்த இரண்டு வாரமும் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இன்னொரு தரம் அப்படிக் கிடக்க என்னால் முடியாது. ஆகவே ஆயுர்வேதக் கடையில் எண்ணெய் வாங்கி, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் தேய்ப்பேன். வாசனை காட்டிக்கொடுத்துவிடுமே என்று உடனே கருவாடு பொரிப்பேன். வாரத்தில் நாலு நாள் கருவாடு. அவரும் ஒன்றும் சொல்லாமல் தின்றார். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில்தான் பிக்கப் இடது பக்கம் சாயத் தொடங்கியது. பின்னால் இருக்கிற ஸ்பிரிங் பட்டைகள் ஒரு பக்கம் மட்டும் படுத்துப் போயின. தம்புள்ளையில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், ஏன் வண்டி இப்படி நொண்டுகிறது என்று. என் வீட்டுக்காரர் சிரிக்காமல் சொல்வார்: "எங்க வீட்டம்மா உக்கார்ற பக்கம்." அதைச் சிங்களத்திலும் ஒரு தரம் சொல்வார், யாருக்கும் விளங்காமல் போய்விடக் கூடாதே. தரகர்மார், மூட்டை தூக்குகிறவர்கள், தேத்தண்ணிக் கடைக்காரர் எல்லோரும் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார்கள். அப்போது என்னை ஒரு போஞ்சி மூட்டையோடு நிறுத்தால் மூட்டைதான் கனக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஸ்பிரிங்கை மாத்துங்க" என்று வாரா வாரம் சண்டை பிடித்தேன். "பார்ப்போம், பார்ப்போம்" என்று இழுத்தடித்தார்.

இன்னொரு சண்டையும் இருந்தது. எங்கள் வாசலில் ரோட்டோரமாக மழைத் தண்ணீர் ஓடுகிற சிமெந்துக் கான் ஒன்று போகிறது. மூட்டை ஏற்ற வண்டியைக் கொண்டுவந்தால் இடது பக்க டயர் இரண்டையும் அந்தக் கானுக்குள் இறக்கித்தான் நிறுத்துவார். இவ்வளவு ரோடு கிடக்க ஏன் கானுக்குள் விடுகிறீர்கள் என்று நான் கத்தாத நாளில்லை. அவர் காதில் வாங்கியதே இல்லை.

ஒருநாள் நாவுலயைத் தாண்டும்போது பின்னால் டொக்கென்று ஒரு சத்தம். அவர் இறங்கிப் போய்ப் பார்த்தார். இடது பக்கத்தில் ஒரு பட்டை இரண்டாக முறிந்திருந்தது. ஊர்ந்து ஊர்ந்து தம்புள்ளைக்குப் போய்ச் சாமானை விற்றோம். கலேவெலயில் ஸ்பிரிங் வேலை மட்டுமே செய்கிற முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார் என்று தரகர் சொன்னார். வெறும் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு அங்கே போனோம்.

"முறிஞ்சத மட்டும் மாத்தினா போதும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டு பக்கமும் முழுசாப் புதுசு போடுங்க நானா" என்றேன் நான்.

"புதுசு போட்டா வண்டி ஒசந்துரும்."

"ஒசந்தா நல்லதுதானேங்க? ஊரு சிரிக்காது."

அவர் என்னைப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்தவர் போல இருந்தது. பிறகு போய் ஒரு டயர்மேல் உட்கார்ந்துகொண்டார்.

நானா ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, கட்டை முண்டு கொடுத்தார். துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, சம்மட்டியால் தட்டித் தட்டிக் கழற்றவே பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கழற்றிய பழைய ஸ்பிரிங் கட்டுகள் இரண்டையும் தரையில் போட்டு, பக்கத்தில் புதுசை வைத்தார். புதுசு வில் போல வளைந்திருந்தது. வலது பக்கத்துப் பழசில் கொஞ்சமாவது வளைவு மிச்சம் இருந்தது. இடது பக்கத்தது பலகைதான்.

"எங்க வெச்சி சாமான் ஏத்துற நீங்க?" என்று கேட்டார் நானா.

"வீட்டு வாசல்லதான்" என்றார் இவர்.

"தரை சமமா?"

இதற்குத்தானே இரண்டு வருஷமாகக் காத்திருந்தேன். "எங்க நானா சமம்? ரெண்டு டயரையும் கான்ல எறக்கி வச்சுத்தான் அம்புட்டு மூட்டையும் ஏத்துறாரு. நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனேன்."

"அப்ப அதுதான். பாரம் முழுக்க ஒரு பக்கமா விழுது. அதோட கான்ல இருந்து ஏறக்குள்ள ஒரு குத்து. எந்த இரும்பு தாங்கும்?"

"கேட்டீங்களா?" என்று அவர் பக்கம் திரும்பினேன். "நான் உக்காந்ததால ஒண்ணும் சாயல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் கானில் இறக்குகிறீர்கள் என்று நானா கேட்டதற்கு, "பழக்கம்" என்று மட்டும் சொன்னார். நான் ஜெயித்த சந்தோஷத்தில் அந்த முகத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை.

பின்னேரம் வேலை முடிந்தது. வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாக நின்றது. நான் கதவைத் திறந்து வலது காலைத் தூக்கினேன். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். முழங்காலில் பிடித்த பிடியில் கண் இருட்டியது. சேலையைச் சரிசெய்வது போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இடது காலை வைத்துப் பார்த்தேன். அதுவும் ஆகவில்லை. நானாவின் கடைத் தரை தட்டையான சிமெந்துத் தரை. மேடு இல்லை, படி இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலில் வண்டி கானுக்குள் இறங்கி நிற்கும். நான் கானுக்கு இந்தப் பக்கம் மேட்டில் நிற்பேன். காலைத் தூக்காமலே உள்ளே போய்விடுவேன். நாவுலத் தேத்தண்ணிக் கடையில் வாசல் படியை ஒட்டித்தான் நிறுத்துவார். தம்புள்ளையில் சாமான் இறக்குகிற மேடையை ஒட்டி. இந்த இரண்டு வருஷத்தில் ஒருநாளாவது என்னைச் சமதரையில் அவர் ஏற்றியதில்லை. படியில் விழுந்து எனக்கும் சரியாக இரண்டு வருஷம்.

திரும்பிப் பார்த்தேன். அவர் கழற்றிப் போட்ட பழைய கட்டுகள் இரண்டையும் சாக்கில் சுற்றித் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். கதவுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

"இதுல கால வச்சு ஏறு."

ஏறினேன். அவரும் சாக்கைப் பின்னால் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். தம்புள்ளை தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார், கண் ரோட்டில்.

"கருவாடு பொரிச்சா எண்ண வாசம் தெரியாதுன்னு நெனச்சியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "தெரிஞ்சா வீட்டுல விட்டுட்டுப் போயிருவீங்கன்னுதான்" என்றேன்.

"ஒன்ன விட்டுட்டு நான் மட்டும் போயி யாருகிட்டப் பேச?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் சோளம் வாங்கினோமா இல்லையா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

ஆனால் இனிமேல் கானில் வைத்து மூட்டை ஏற்றினால் புது ஸ்பிரிங்கும் படுத்துவிடும் என்று நானா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்கும் அவர் வழி கண்டுபிடித்தார். அடுத்த நடைக்கு முதலில் வெறும் வண்டியைக் கானுக்குள் இறக்கி என்னை ஏற்றிக்கொள்வது, பிறகு வண்டியைச் சமதரைக்கு எடுத்து மூட்டை முழுவதையும் அவரே ஏற்றுவது. அவர் வேர்த்து விறுவிறுத்து மூட்டை தூக்க, நான் மகாராணி மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டுமாம். ரோட்டில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மாட்டவே மாட்டேன் என்று நின்றேன். அவர் காதில் வாங்கவில்லை. வண்டி மெதுவாகக் கானை நோக்கி வந்தது. புது ஸ்பிரிங்கில் உயரமாக நின்ற கதவையும் என் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டு வருஷமாக எதற்காக அந்த மனுஷனைத் திட்டினேனோ, அதையே என் வாயால் கேட்டேன்.

"இன்னுங் கொஞ்சம் கான்ல எறக்குங்க."