கொழுந்தனுக்கு ஒரு ஹாபி வேண்டும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ இருமும் சத்தம். கதவைத் தட்டாமல் இருமிக்கொண்டே நிற்கிறவர் எங்கள் சொந்தத்தில் ஒருவர்தான். என் கணவரின் தம்பி, குழந்தைவேல்.

கொடைக்கானலுக்கும் மேலே இருக்கிற மேல்மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, நாங்கள் இருக்கும் செண்பகனூர் வந்திருந்தார். கையில் ஒரு பை நிறைய கேரட். அது வழக்கம். சட்டையில் இஸ்திரி மடிப்பு… அது வழக்கமில்லை.

"அண்ணன் இல்லயா அண்ணி?"

அவர் வத்தலக்குண்டு போயிருக்கிறார் என்றேன். நல்லதாகப் போச்சு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அண்ணன் இல்லாதது நல்லது என்றால் என்ன விஷயமாக இருக்கும்? அடிதடியா? போலீஸா? ஏதாவது வியாதியா? நான் எதையும் மோசமான முனையிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குவேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை.

அவர் கேட்டது வேறு. "எனக்கு நாலு போட்டோ எடுத்துக் குடுக்கணும் அண்ணி. நல்லதா."

டாக்ஸி ஓட்டும் சிநேகிதர் ஒருவர் அவர் போனில் ஒரு டேட்டிங் ஆப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கொழுந்தன் அதை 'பொண்ணு பேசுற ஆப்பு' என்றார். டேட்டிங் என்ற வார்த்தையை அண்ணியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் அதைக் கேட்கக் காது கூசியது என்பதுதான் உண்மை.

ஆனால் அவரை எப்படிக் குறை சொல்வது? வயது முப்பத்து நான்கு ஆகிறது. சொந்த நிலம். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. குடி கிடையாது. எங்கள் கல்யாணம் முடிந்ததிலிருந்து அவருக்குப் பெண் தேடிக்கொண்டிருக்கிறோம். மேல்மலைக்கு யார் பெண் கொடுக்கிறார்கள்? குளிர். ஆஸ்பத்திரி தூரம். போனில் சிக்னல் வேண்டுமானால் ஊருக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நிற்க வேண்டும்.

போன வருஷம் கீழ்நாட்டிலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்கக் காரில் வந்தது. மலை வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்துப்போன பெண்ணின் அம்மா, காரை விட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, எம்பொண்ணு தீவாளிக்கு வரணும்னா இந்த ரோட்டுலதான வரணும்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். கார் திரும்பிவிட்டது.

வேறு ஏதாவது பதில் சொல்லியிருக்கலாமோ? வேறு ரோடு கிடையாதே!

சரி, ஆப்புக்கு வருவோம். உங்கள் ஹாபிகளைக் காட்டும் படங்களைப் போடுங்கள் என்று அது சொல்கிறது. கொழுந்தன் அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

"ஹாபின்னா பொழுதுபோக்குதான அண்ணி?"

"ஆமா தம்பி."

"பொழுது போகாதவகளுக்குத்தான அது?"

மகள் பிறப்பதற்கு முன் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். வேலை முடிந்ததும் என்ன செய்வீர்கள்? தூங்குவாராம். தூங்குவதற்கு முன்னால்? காட்டுமாடு தோட்டத்தில் இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பாராம். விளையாட்டு? பன்றி விரட்டுவது. பாட்டு? ரேடியோ எடுக்காது.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் அவர் முதலில் நிறுத்தினார்.

தோட்டத்தில் நிற்கிற மாதிரி ஒரு படம் போனிலேயே இருக்கிறது, அதைப் போடட்டுமா என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். காரை விட்டு இறங்காத அந்த அம்மாவின் முகம் எனக்குள் இருந்தது. சேற்றையும் சரிவையும் முதல் படத்திலேயே பார்த்தால் எந்தப் பெண் பேசுவாள்? முதலில் பேசட்டும், பழகட்டும், பிறகு தோட்டம் வரட்டும் — இது என் கணக்கு.

ஆக, ஹாபிகளை இரவல் வாங்குவது என்று முடிவானது. கொடைக்கானலில் அதற்கா பஞ்சம்? குதிரை, படகு, சைக்கிள்… எல்லாம் வாடகைக்கு நிற்கிறது.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலையில் இருக்கிற நாங்கள் ஏரிப் பக்கம் போக மாட்டோம். அது வருகிறவர்களுக்கானது. சீசனில் ஏரியைச் சுற்றிக்கொண்டு எப்படி வெரசாக வீடு சேர்வது என்றுதான் பார்ப்போம். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் நான் படகில் ஏறியதில்லை. கொழுந்தன் பிறந்ததிலிருந்தே ஏறியதில்லை. அன்றைக்கு ஏறினோம். அவர் துடுப்பைப் பிடித்துச் சிரிக்க, நான் ஒரு கையால் மகளின் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் படம் எடுத்தேன். எல்லாம் சாய்ந்து வந்தன.

அடுத்து குதிரை. கணவரின் தோல் ஜாக்கெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஏறினார். குதிரைக்காரருக்கு இவரைத் தெரிந்திருந்தது.

"ஏண்ணே, நம்மாளுக்கு எதுக்குக் குதிர? நீங்களும் டூரிஸ்ட்டு ஆயிட்டீகளா?"

கொழுந்தன் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

பிறகு பள்ளத்தாக்கு ஓரம், பனிமூட்டம், கைகளை விரித்து ஒரு போஸ். பின்னால் போகாதீங்க, பின்னால் போகாதீங்க என்று நான் கத்திக்கொண்டே எடுத்த படம். வீட்டுக்கு வந்து, சர்ச்சில் பாடும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கிடார் வாங்கி ஒன்று. அதை மண்வெட்டியைப் பிடிப்பது போல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கடைசியாக என் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகம். நடுவில் விரித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"நடுவுல விரிச்சா, முன்னாடி என்ன படிச்சன்னு கேப்பாகளே அண்ணி?"

முதல் பக்கத்தில் விரித்தோம்.

எல்லாம் முடிந்து போனை உள்ளே வைக்கப் போனேன். என் மகள் எங்கேயோ சேற்றை மிதித்துவிட்டு வந்து நின்றாள். கொழுந்தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்பக்கக் குழாயடியில் குந்தி, அவள் காலைத் தன் தொடைமேல் வைத்துக் கழுவிவிட்டார். விழுந்துவிடாமல் இருக்க அவள் சித்தப்பாவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். வலியில் அவர் முகத்தைச் சுளித்தார், சுளித்தபடியே சிரித்தார். இஸ்திரி மடிப்பெல்லாம் போயிருந்தது. கை தானாகப் போனை எடுத்தது.

அன்று எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். பார்த்ததும் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"இதப் போடலாமா அண்ணி?"

கூடாது என்றேன். யோசிக்காமல் சொன்னேன். பிள்ளையின் முகம் யார் யார் போனுக்கெல்லாமோ போகும். எவன் எடுத்து என்ன செய்வான் என்று எப்படித் தெரியும்? தினமும் என்னென்னவோ படிக்கிறோமே. உங்களுக்கே ஒரு குழந்தை இருக்கிறது என்றும் நினைத்துவிடுவார்கள் தம்பி, என்று இன்னொரு காரணத்தையும் சேர்த்தேன். அது நியாயமான காரணம்தானே? இருந்தாலும் இரண்டாவது காரணம் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

படத்திலிருந்து குழந்தையை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தோம். அவர் தலைமுடியில் ஐந்து விரல் மிச்சமிருந்தது.

"பேய் பிடிச்ச மாதிரி கெடக்கு அண்ணி. விடுங்க."

விட்டோம். குதிரையும் கிடாரும் மேலே ஏறின. தொழில் விவசாயம், ஊர் கொடைக்கானல் மேல்மலை என்று எழுதினோம்.

நான் எதிர்பார்க்கவில்லை… ஒரு பெண் பேசினாள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த ஊர் வத்தலக்குண்டு. கொழுந்தன் தினமும் வெள்ளனே பாறை ஏற ஆரம்பித்தார். என்னிடம் பேசும்போது அவர் குரலே மாறியிருந்தது. அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். நைட் டியூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாளாம். அவரிடம் அப்படிக் கேட்க வீட்டில் யாரும் இல்லை. மாமனாரும் மாமியாரும் காலமாகிவிட்டார்கள்.

எனக்குத்தான் உள்ளுக்குள் உறுத்தல். குதிரையைப் பற்றி எப்போது சொல்லப் போகிறார்? இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்று சொல்ல நினைப்பேன். இந்தச் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று போனை வைத்துவிடுவேன்.

பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணே, உங்க வீட்டில் பெண்கள் யாரிடமாவது பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். என் நம்பரைக் கொடுத்துவிட்டார்.

மரியாதையான குரல். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அவுங்க நெசமாவே மேல்மலையா?"

ஆமாம்மா, ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"இல்லக்கா… எங்க பக்கத்துப் பசங்க முக்காவாசிப் பேரு இதே ஏரி, இதே குதிர, இதே பனியிலதான் நிக்கிறாங்க. கொடைக்கானல் டூர் போயிட்டு வந்து போடுறது. இவரும் அப்படி ஒரு ஆளுன்னுதான் நெனச்சேன். விவசாயம்னு எழுதுனது சும்மா கெத்துக்குன்னு நெனச்சேன். பேசுனா அப்படித் தெரியல. அதான் கேக்குறேன். எங்கப்பா வத்தலக்குண்டு மார்க்கெட்ல மலைக்காய்கறி ஏவாரம். மலக்காரங்க சோலி என்னன்னு எனக்குத் தெரியும். அவுங்க குதிரையில போயி நான் பாத்ததில்ல."

எதைப் பார்த்து அவள் பயப்படுவாள் என்று நான் ஒளித்து வைத்தேனோ, அதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஜாக்கெட் என் கணவருடையது, கிடார் பக்கத்து வீட்டு அக்காவுடையது, யோசனை என்னுடையது. தோட்டத்துப் படத்தையும் உடனே அனுப்பி வைத்தேன். அவள் பார்த்தாள்.

"இத மொதல்லயே போட்டிருந்தா நான் அப்பாகிட்டயே காட்டியிருப்பேன்க்கா."

இப்போது காட்டலாமே என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"ஏற்கனவே ஒருத்தன் எல்லாத்தையும் இரவலாக் காட்டி ஏமாத்திட்டுப் போயிட்டான். அவுங்க நல்லவங்களா இருக்கலாம். எது நெசம், எது வாங்குனதுன்னு திரும்ப உக்காந்து பிரிச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அவுங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க."

சொன்னேன். பாறையில் காற்று பலமாக அடித்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு, சரிங்க அண்ணி என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

குதிரையையும் கிடாரையும் அன்றே எடுத்துவிட்டு, தோட்டத்துப் படத்தைப் போட்டோம். சேறு, சரிவு, பூண்டுத் தாள், மப்ளர் கட்டிய அவர். உண்மை ஜெயிக்கும் என்று எழுதி இந்தப் பத்தியை முடிக்க எனக்கும் ஆசைதான். இன்று வரை ஒருத்தியும் பேசவில்லை. பொய்க்கு ஒருத்தி வந்துவிட்டுப் போனாள். நிஜத்துக்கு அதுவும் இல்லை. பிறகு நான் யாருக்கு என்ன புத்தி சொல்வது?

குழாயடிப் படத்தை அவர் மறுபடி கேட்கவில்லை. அதைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகளைத் தூங்க வைக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். இன்றைக்குக் கேட்டாலும் கூடாது என்றுதான் சொல்வேன். அது சரி என்றும் தெரிகிறது. சரியாக இருப்பதால் மனம் லேசாகிவிடுவதில்லை.

இதையெல்லாம் எழுதலாமா தம்பி என்று கேட்டதற்கு, எழுதுங்க அண்ணி, அதப் பார்த்தாவது யாராச்சும்… என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

போன வாரம் பாறையிலிருந்து போன் செய்தார். ரோட்டோரம் ஒரு கார் நின்றதாம். சென்னைப் பையன் ஒருவன் தோட்டத்துக்குள் இறங்கி, மண்வெட்டியையும் இவர் மப்ளரையும் கேட்டு வாங்கிக்கொண்டு, பூண்டுப் பாத்தி நடுவில் நின்று தன்னைப் படம் எடுக்கச் சொன்னானாம். எதற்கு என்று கேட்டிருக்கிறார். ப்ரொஃபைலுக்கு அண்ணே, விவசாயம்தான் நம்ம ஹாபின்னு காட்டணும் என்றானாம்.

"எடுத்துக் குடுத்தீங்களா?"

"எடுத்தேன் அண்ணி. நல்லா வந்துச்சு. அவனுக்கு வெரசா அமஞ்சிரும்."

மண்வெட்டியைத் திருப்பித் தந்தானா என்று மட்டும் கேட்டேன். தந்தானாம், மண்ணே படாமல்.