பெயர் தெரியாதவர்களுக்காக

என் கணவரை ஆண்டவர் குணமாக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஓர் அற்புத சுகம் வரும் என்று நீங்கள் எதிர்பார்த்துப் படிக்கக் கூடாது. ஆனாலும் ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார். அதை நம் பங்குக் கோயில் மக்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

என் பெயர் லூர்து மேரி. சிட்லபாக்கத்தில் இருக்கிறேன். குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். என் கணவர் ஆரோக்கியசாமி மின்சார ரயில் ஓட்டுநர். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே வண்டி ஓட்டியே அவருடைய ஆயுள் கழிந்தது. எங்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. கோவையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

போன வருடம் ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரத்தில், அவருடைய கண்கள் மஞ்சளாகத் தெரிந்தன. காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல் சமைத்துப் போட்டேன். குறையவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது என்றார் மருத்துவர். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும், “மழைக்காலம் தாண்டுறது கஷ்டம்மா” என்றார்.

நான் வெளியே வந்தபோது அவர் இரண்டு கையிலும் காபி வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

“ஆறிப் போகுது, குடி” என்றார்.

வாங்கிக் குடித்தேன்.

அதன்பின் வீடு முழுக்கச் செபம். எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்தை நடத்தும் பிலோமினா அக்கா வாரம் தவறாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். செபமாலை சொன்னார்கள். நவநாள் என்று ஒன்பது நாள் செபம் வைத்தார்கள். அக்கா கையை உயர்த்திச் செபிக்க ஆரம்பித்தால் வார்த்தை ஆறு மாதிரி வரும். கேட்கிறவர்கள் அழுவார்கள். எனக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல்தான். ஆனால் அன்பியத்தில் ஒவ்வொருவராகச் சொந்த வார்த்தையில் மன்றாடும்போது, என் முறை வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். “அக்கா, எனக்கும் சேர்த்து நீங்களே சொல்லிடுங்க” என்று தலையைக் குனிந்துகொள்வேன். எத்தனையோ வருடமாக அப்படித்தான்.

மனதுக்குள் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இவரைக் காப்பாற்றும், இவரைக் காப்பாற்றும். வேறு வார்த்தை தெரியாது. அவரோ இளைத்துக்கொண்டே போனார். செப்டம்பரில் கட்டிலோடு ஆகிவிட்டார். ஸ்டெல்லாவுக்கு அப்போது ஏழாவது மாதம். ஒரு முறை வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அதற்குமேல் பயணம் கூடாது என்று அங்கே டாக்டர் தடுத்துவிட்டார். நான் பள்ளியில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

வலிக்கு மாத்திரை இருந்தது. ஆனால் வேறு ஏதோ ஒன்று அவரைப் பிடித்து ஆட்டுவதை நான் கவனித்தேன். பட்டப்பகலில்கூடக் கண்ணை மூட மாட்டார். சானடோரியம் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் ஹாரன் சத்தம் வந்தால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடிப்பார். நான் அடுப்படிக்குப் போனாலே “மேரி, எங்க இருக்க?” என்று கூப்பிடுவார். வாழ்நாளில் எதற்கும் பயப்படாத மனிதர். அவர் பயப்படுகிறார் என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பல நாள் ஆயிற்று.

அக்டோபரில் ஒரு மதியம். அன்பியத்தார் செபித்துவிட்டுப் போயிருந்தார்கள். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் கரண்டியைத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

“அங்க போனா, அவங்கள்லாம் நிப்பாங்களா மேரி?”

“யாருங்க?”

“என் வண்டியில விழுந்தவங்க.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

அவர் வேலையில் அப்படி நடப்பது உண்டு என்று எனக்குத் தெரியும். சில நாள் வேலை முடிந்து வந்து வெகுநேரம் குளிப்பார். அன்றைக்குச் சோறு வேண்டாம் என்பார். இரண்டு முறை மட்டும் வாய்திறந்து சொல்லியிருக்கிறார். மற்றதை நானும் தோண்டிக் கேட்டதில்லை.

“எத்தனை பேருங்க?” என்றேன்.

“நான் எண்ணல. முகம் தெரியும். எல்லா முகமும் தெரியும்.” பிறகு சொன்னார்: “ஏன்யா நிறுத்தலன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது?”

உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை எத்தனையோ பேர் அவருக்குச் சொல்லியாயிற்று. அதிகாரிகள் சொன்னார்கள், கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். பிரேக் போட்டாலும் அவ்வளவு எடையுள்ள வண்டி அந்தத் தூரத்துக்குள் நிற்காது என்று அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் கண்கள் அப்படிப் பயந்திருந்தன.

“ஃபாதரை வரச் சொல்லட்டுமா? பிலோமினா அக்காவைக் கூப்பிடட்டுமா?”

“வேணாம். நீ பண்ணு.”

“எனக்கு வராதுங்க. உங்களுக்குத் தெரியாதா?”

“நீ பண்ணு மேரி. எனக்கு வேற யாரும் வேணாம். நான் பொழைக்கணும்னு கேக்காத. பயம் போகணும்னு கேளு.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, ஆண்டவர் மேல். பிழைக்கக் கேட்டதையே கொடுக்காதவரிடம் இன்னொன்றை எப்படிக் கேட்பது? ஆனால் அவர் கை என் முந்தானையைப் பிடித்திருந்தது. குழந்தை பிடிக்கிற மாதிரி.

கண்ணை மூடினேன். வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு, “முதல்ல யாரு? சொல்லுங்க” என்றேன்.

பல்லாவரம் தாண்டி, பால் பாக்கெட்டோடு தண்டவாளம் கடந்த ஒரு பெரியவர் என்றார். காது கேட்கவில்லை போலிருக்கிறது, ஹாரனுக்குத் திரும்பவே இல்லையாம்.

“ஆண்டவரே, பால் வாங்கிக்கினு போன அந்தப் பெரியவரு... வீட்டுல அவருக்காகக் காத்துக்கினு இருந்திருப்பாங்க. அவரைப் பத்திரமா வெச்சுக்கோங்க. இவரு ஹாரன் அடிச்சாரு. உமக்குத் தெரியும்.”

அவ்வளவுதான் நான் சொன்னது. சபையில் எல்லார் முன்பும் பேசுவதற்காக மனதில் அடுக்கிவைத்த அழகான வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. என் அம்மா வீட்டுப் பேச்சு அப்படியே வந்துவிட்டது. நான் கண் திறந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். திருமணமான இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் மதியம் அவரே ஆரம்பித்தார். ஒரு கல்லூரிப் பெண், காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனவள். பச்சைத் துப்பட்டா. அந்தப் பெண்ணுக்காகக் கேட்டோம். அவளைப் பெற்றவர்களுக்காகக் கேட்டோம். அடுத்த நாள் இன்னொருவர். அவர் சொல்வார், நான் செபிப்பேன். நடுவில் “சட்டை நீலம், வெள்ளை இல்ல” என்று திருத்துவார். அந்த மதிய வேளைகள் துக்கமானவைதான். ஆனால் எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததும் அப்போதுதான்.

ஒருவனைப் பற்றி மட்டும் அவர் பல நாள் பேசவில்லை. ஒரு நாள் தானாகச் சொன்னார். ஓர் இளைஞன் தண்டவாளத்தில் நின்று இவரையே பார்த்தானாம். இவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து போ, போ என்று கையை ஆட்டியிருக்கிறார். அவன் அசையவில்லை. நான் செபிக்க வாய் திறந்தேன். அவர் என் கையை அழுத்தினார். அவரே சொன்னார்.

“அப்பா, அவன் பேரு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். அவனுக்கு இன்னா கஷ்டமோ, அதுவும் உமக்குத் தெரியும்.”

ஆனாலும் பயம் முழுதாகப் போய்விடவில்லை. “அவங்க இன்னா நினைப்பாங்கன்னு தெரியலையே மேரி” என்பார்.

நவம்பர் இரண்டு, இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள். அவர்களுக்கென்று ஒரு பூசை கொடுக்கச் சொன்னார். கோயில் அலுவலகத்தில் எழுதுகிற தம்பி, “இறந்தவர் பேரு சொல்லுங்க டீச்சர்” என்றார். தெரியாது என்றேன். எத்தனை பேர் என்றார். அதுவும் தெரியாது என்றேன். பேனாவை வைத்துக்கொண்டு அவர் என்னையே பார்த்தார். விவரம் சொன்னேன். தண்டவாளத்தில் இறந்தவர்களுக்காக, ரயில் ஓட்டுநர் ஆரோக்கியசாமியின் வேண்டுதல் என்று எழுதிக்கொண்டார். மாலைப் பூசையில் ஃபாதர் அதை அப்படியே வாசித்தார்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தேன். ஒரு பெண் என் பின்னாலேயே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சானடோரியத்தில் உள்ள ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் அடையாள அட்டை. முன்பின் பார்த்ததில்லை.

“அக்கா, அந்த ரயில் பூசை நீங்க குடுத்ததா?”

ஆமாம் என்றேன்.

“எம் புள்ள அப்படித்தான் போனான். ஊரப்பாக்கத்தாண்ட. பன்னண்டாவது படிச்சிக்கினு இருந்தான்.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஓட்டுனவருக்காகப் பூசை வெக்கணும்னு எனக்கும் ரொம்ப நாளா ஆசைக்கா. யாருன்னு தெரியாது. அவருகிட்ட என்னைக் கூட்டிக்கினு போறீங்களா?”

இந்தப் பெண்ணைக் கண்டால் என் கணவர் என்ன ஆவாரோ என்று பயமாக இருந்தது. முடியாது என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஏனோ “வாங்க” என்று வாயில் வந்துவிட்டது.

அவர் பெயர் ரோஸ்லின். வீட்டுக்குள் வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வந்திருப்பது யாரென்று நான் சொன்னதும் என் கணவர் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. அவர் முதலில் கேட்டது இதுதான்:

“எந்த இடம்மா?”

ரோஸ்லின் இடத்தையும் வருடத்தையும் சொன்னார். அவர் யோசித்தார்.

“அது என் வண்டி இல்லம்மா. நான் பீச்லருந்து வந்து தாம்பரத்தோட திரும்பிடுவேன்.”

“உங்க வண்டியா இருந்தாலும் நான் வந்திருப்பேண்ணா” என்றார் ரோஸ்லின். “அன்னைக்கு ராத்திரி எங்க வூட்ல யாரும் சாப்பிடல. எனக்கு அப்போ தோணுச்சு, அந்த டிரைவரு வூட்லயும் அடுப்பு எரிஞ்சிருக்காது இல்ல? எம் புள்ளைய கடைசியா பாத்தவரு அவருதான. அவரு மனசு இன்னா பாடுபட்டிருக்கும்? டெய்லி எம் புள்ளைக்கு வேண்டிக்கும்போது அவருக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிறேன்.”

ரோஸ்லின் என் கணவரின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அந்தக் கை ரயிலின் பிரேக்கைப் பிடித்த கை. நான் செபம் என்று எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

அவர் போனபின் என் கணவர் கண்ணை மூடித் தூங்கினார். சட்டத்தைப் பிடிக்காமல், கையை விரித்துப்போட்டுக்கொண்டு தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கேட்க விரும்பியது கிடைக்கப்போவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எனக்குத் தெரிந்தன.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. ஃபாதர் வந்து எண்ணெய் பூசிச் செபித்து நோயில்பூசுதல் கொடுத்தார். நவம்பர் மழை கொட்டியது. ஏரிப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றது. ஒரு காலை, பத்து மணி இருக்கும், மூச்சு மாறியது. நான் அவர் காதருகில் குனிந்தேன்.

“பயமா இருக்காங்க?”

“இல்ல” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நீ சாப்டியா?” என்றார்.

“சாப்டேன்” என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. மதியத்துக்குள் அவர் போய்விட்டார். பிரசவ நாள் நெருங்கியிருந்த ஸ்டெல்லாவுக்கு முகத்தை வீடியோவில்தான் காட்டினோம். அவள் அலறியது இன்றும் என் காதில் இருக்கிறது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். பல மாதம் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டுப் பாட வாய் வரவில்லை. இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்கில் வைப்பேன். இன்றைக்கும் சில நாள் அப்படி ஆகிறது. ஆண்டவரே, அவரையும் விட்டுவைத்து அந்த அமைதியையும் கொடுத்திருக்கக் கூடாதா என்று இன்றும் கேட்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. கேட்பதை நானும் நிறுத்தவில்லை.

ஆனால் என்னில் ஏதோ ஒன்று திறந்துவிட்டது. உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டர் முடிந்து பிலோமினா அக்கா போன் செய்தார். அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டில் ஓர் அம்மா சாகக் கிடக்கிறார், எங்களைக் கண்டாலே கத்துகிறார், நீ வந்து பார்க்கிறாயா என்றார். “எனக்கென்னக்கா தெரியும்?” என்றேன். “தெரியாததாலதான் கூப்பிடறேன். நான் போனா பேசிக்கிட்டே இருப்பேன்” என்றார் அக்கா. நாங்கள் இருவருமே சிரித்துவிட்டோம். என் கணவர் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் முறை.

போனேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். “உங்களுக்கு எதுக்கும்மா பயம்?” என்று மட்டும் கேட்டேன். அவர் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, அதையே ஆண்டவரிடம் திருப்பிச் சொன்னேன். இப்போது சனிக்கிழமைகளில் ரோஸ்லினும் நானும் சேர்ந்து இப்படிச் சில வீடுகளுக்குப் போகிறோம். தண்டவாளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கும் போகிறோம். அங்கே ரோஸ்லின்தான் பேசுவார். நான் பக்கத்தில் இருப்பேன்.

வரம் என்றால் மேலிருந்து புதிதாக வந்து இறங்குவது என்று நினைத்திருந்தேன். எனக்குள் அது எப்போதோ வைக்கப்பட்டிருந்தது. அது வெளியே வர என் வீட்டில் ஒரு சாவு விழ வேண்டியிருந்தது. அந்த விலை எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனாலும், என் கணவரைப் பயமின்றி அனுப்பிவைத்த ஆண்டவருக்கு நான் நன்றி சொல்கிறேன். ரோஸ்லினை அன்று மாலை என் பின்னால் நடக்கவைத்தவருக்கு நன்றி சொல்கிறேன்.

எனக்குச் செபிக்க வராது என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்கிறவர்கள் இதைப் படித்தால், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வேண்டியவர் யாராவது பயந்துபோய்ப் படுத்திருந்தால், நன்றாகப் பேசுகிறவர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே பக்கத்தில் உட்காருங்கள். அவருக்கு என்ன பயம் என்று கேளுங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பேச்சிலேயே ஆண்டவரிடம் சொல்லுங்கள். தட்டுத் தடுமாறினாலும் பரவாயில்லை. ஆண்டவர் கேட்கிறார். நான் பார்த்தேன்.