விஜயதசமியன்று முடுக்கிய நான்கு ஸ்குருக்கள்

1944-ஆம் வருட டைரியில் விஜயதசமிப் பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “காலை ஏழே முக்கால். புத்தக அலமாரி சுவரில் ஏறியது. நான்கு ஸ்குருவும் நானே முடுக்கினேன்.”

மந்தைவெளியில் வாடகை வீடு. அதற்கு இரண்டு நாள் முன்பு, அஷ்டமியன்று, தச்சர் வந்து செங்கல் சுவரில் உளியால் நான்கு துளைகள் போட்டார். தேக்குக் கட்டைகளைச் செருகி, சுற்றிலும் சுண்ணாம்புக் கலவையை அடைத்தார். யுத்த காலம், சிமெண்டு கிடைக்கவில்லை. அவரை அனுப்பியவர் வீட்டுக்காரர். அடையாற்றில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கதவு வேலையும் இந்தத் தச்சருக்கே என்று பேச்சு.

“நாளைக்கு உளி, சுத்தி எல்லாம் பூசைக்குப் பூடும் சாமி. கலவை ஆற நாலு நாள் ஆவும். அதுவரிக்கும் கை வெக்காதீங்க, நானே வந்து மாட்டறேன்” என்றார்.

சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகங்களை விஜயதசமியன்று எடுத்துப் படித்துவிட்டு, நேராகப் புது அலமாரியில் அடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நல்ல நாளை விட மனம் வரவில்லை. தையல் மிஷின் டிராயரில் ஒரு திருப்புளி இருந்தது. முடுக்கும்போது ஒரு கட்டை லேசாக அசைந்தது. அதை டைரியில் எழுதவில்லை.

மறுநாள் மத்தியானம் அலமாரி கட்டைகளோடு பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் அடியில்லை; சுவரில் ஒரு முழத்துக்குக் காரை உதிர்ந்திருந்தது. வீட்டுக்காரரிடம் “விழுந்துவிட்டது” என்று மட்டும் சொன்னேன்.

தச்சர் சொன்ன நாளில் பையோடு வந்தார். வீட்டுக்காரர் சுவரெதிரே நின்றிருந்தார்.

“என்னய்யா வேலை பண்ணியிருக்கே? ஒரு நாள் நிக்கலையே.”

“நான் இன்னும் மாட்டவே இல்ல சாமி. கட்டைதான் அடிச்சேன்.”

“அப்போ அலமாரி தானே ஏறிண்டுதாக்கும்.”

தச்சர் என்னைப் பார்த்தார். நான் ஒரு புத்தகத்தின் அட்டையிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் “சர்தான் சாமி” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடையாற்றுக் கதவுகள் வேறொருவர் கைக்குப் போயின. தீபாவளிக்குள் உண்மையைச் சொல்லிவிடுவதென்று வீட்டுக்காரரிடம் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

தியாகராய நகரில் ஒரு நகைக்கடைக்கு அந்தத் தச்சர்தான் அலமாரிகள் செய்தார் என்று பால்காரர் பிற்பாடு சொன்னார். எந்த வருடம் என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. கடையில் விசாரித்தேன், செய்தவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. அவருக்கு அந்த வேலை கிடைத்தது உண்மைதானா என்பது இதுவரை எனக்கு உறுதியாகவில்லை.