மருந்தீஸ்வரர் பிழைக்கவைத்த ஆடு

வேளச்சேரி ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் தெரு. ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை நெல், அறுப்பு முடிந்தால் பச்சைப்பயறு, அவ்வளவுதான் எங்கள் பிழைப்பு. ஒரு வீட்டு மாடு இன்னொரு வீட்டு ஏரில் பூட்டியிருக்கும். எங்கள் முறம் யார் வீட்டில் இருக்கிறதென்று அம்மா தெருவெல்லாம் கேட்டுக்கொண்டு போவாள். இப்படி எல்லாம் பொதுவாக இருந்த ஊரில் ஒரு ரகசியத்தையும் எல்லாரும் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். ஏழு வயதுக்காரியான எனக்கு மட்டும் அதில் பங்கு தரவில்லை.

கிண்டியில் இருந்த கவர்னர் தோட்டத்து மான்கள் வேலி தாண்டி வந்து எங்கள் பயற்றை மேயும். கை தட்டி விரட்டலாம், கல்லெறியக் கூடாது. மானுக்கு ஏதாவது ஆனால் ஜெயில்தான் என்பார்கள். மான்கள் வருவது எனக்குப் பிடித்திருந்தது. காய் பிடித்த கொல்லை மொட்டையாகக் கிடப்பதைப் பார்த்துச் சித்தப்பா வரப்பில் உட்கார்ந்து அழுததுதான் பிடிக்கவில்லை.

அந்த மாசியில் ஒருநாள் சாயங்காலம் தெரு முழுக்கக் கறிக்குழம்பு வாசனை. பண்டிகையும் இல்லை, விருந்தாளியும் இல்லை. என்ன கறி என்று கேட்டேன். “ஆட்டுக்கறி, பேசாம துன்னு” என்றாள் அம்மா. கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றேன். சித்தப்பா கட்டிய கயிற்றுக் கண்ணியில் மான் விழுந்ததும், ஊரே அதைக் கூறு போட்டுக்கொண்டதும் எனக்குத் தெரிய வந்தது நான் பிள்ளை பெற்ற பிறகுதான்.

மறுநாள் காலையில் தோட்டத்துக் காவல்காரர் வந்தார். ஊருக்குள் வந்தால் எங்கள் வீட்டில்தான் மோர் குடிப்பார். செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நேத்து ஊட்ல இன்னா கொழம்பு கண்ணு?”

“ஆட்டுக்கறி!” என்றேன் பெருமையாக. “எங்க ஊட்ல மட்டுமில்ல, எல்லார் ஊட்லயும்.”

“யார் ஊட்டு ஆடு?”

எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் கையில் துடைப்பம் அப்படியே நின்றது. சித்தப்பா மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அப்போது முற்றத்தில் பயறு உலர்த்திக்கொண்டிருந்த அத்தை, தலை நிமிராமல் சொன்னாள்.

“என்னுதுதான். காலு ஒடிஞ்சி பூட்ச்சி. அறுத்துட்டோம்.”

அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் செத்தபிறகு எங்களோடு வந்துவிட்டவள். அவளுக்கென்று உலகத்தில் இருந்தது ஒரு வெள்ளாடு. அதன் பாலை ஊரில் தாய்ப்பால் இல்லாத பிள்ளைகளுக்கு ஊற்றுவாள், பதிலுக்கு நெல்லோ பயறோ வரும். காலையிலேயே மேயப் போயிருந்த அந்த ஆட்டை, காவல்காரர் கிளம்பியதும் சித்தப்பா கரையோடு கரையாகத் திருவான்மியூருக்கு ஓட்டிப்போய் அத்தையின் நாத்தனார் வீட்டில் கட்டிவிட்டார். இதுவும் எனக்குத் தெரியாது. சாயங்காலம் வெறும் முளையைப் பார்த்ததும், நான் கேட்டு வாங்கித் தின்றது எதை என்று நினைத்து வாந்தி எடுத்தேன். அத்தை என் முதுகைத் தடவிவிட்டாள்.

மருந்தீஸ்வரர் கோயில் பங்குனித் தேருக்குத் திருவான்மியூர் போனோம். நாத்தனார் வீட்டு வேப்பமரத்தடியில் கட்டியிருந்த ஆடு அத்தையைக் கண்டதும் கயிறு அறுந்துவிடும்போலத் துள்ளிக் கத்தியது. நான் தெருவுக்கே ஓடிவந்து கூவினேன்.

“எங்க ஆடு பொழைச்சிகிச்சி! மருந்தீஸ்வரர் மருந்து குடுத்துட்டாரு!”

தேர் பார்க்க வந்த கூட்டம் திரும்பியது. அதில் பெண்டாட்டி பிள்ளைகளோடு நம் காவல்காரர். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து ஆட்டைக் காட்டினேன். அவர் அதன் நாலு கால்களையும் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

“சாமி செஞ்சத நாம யாரு கேக்கறதுக்கு? ஆனா இது இந்த ஊர்லயே இருக்கட்டும்மா. அங்க வந்தா, நான் பார்த்ததா ஆயிடும்.”

அத்தை தலையை ஆட்டினாள். அவர் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேரின் பக்கம் நடந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. சாமியே திருப்பிக் கொடுத்த ஆட்டை வேண்டாமென்று விட்டுவிட்டு வருகிறவள் என்ன மனுஷி? அத்தைக்கு ஆட்டின்மேல் ஆசையே இல்லை என்று முடிவு செய்தேன். தரமணி தாண்டும்வரை அவள் கையைப் பிடிக்காமல், தள்ளியே நடந்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் செம்மண் புழுதி, அதனால்தான் என்று நினைத்தேன்.