கொடி பறந்த தீவு

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் என்னைத் தெரியாத தமிழன் இல்லை. பெற்றோல் செட்டில் ஷிப்ட் நின்றவன், இன்று சொந்தக் கடை முதலாளி. ஊரிலிருந்து எத்தனை பேரைக் கூப்பிட்டு எடுத்திருக்கிறேன்! தங்கச்சியின் மகனை மட்டும் எடுக்க முடியவில்லை.

கனடாவுக்கென்று அவன் ஏறிய படகு நடுக்கடலில் பழுதாகி, டியாகோ கார்சியாவில் ஒதுங்கியது. "மாமா, பிரிட்டிஷ் கொடி பறக்குது!" என்று போன் எடுத்தான். வந்துவிட்டான் என்றே நினைத்தேன். குளிர் ஜாக்கெட் வாங்கினேன். வெஸ்ட் ஈலிங் அம்மனுக்குப் பொங்கலும் வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது இந்து சமுத்திரத்தில் ஒரு தீவு. வெள்ளைக்காரன் அமெரிக்கனுக்கு இராணுவ முகாம் போடக் கொடுத்த இடம். அங்கே போர்க்கப்பலும் குண்டுவிமானமும் வந்து போகும். எங்கள் பிள்ளைகள் வேலிக்குள், கூடாரத்தில்.

லோயர்மாரைப் பிடித்தேன். ஒன்றும் அசையவில்லை. இரண்டு குளிர்காலமாக ஜாக்கெட் ஆணியில் தொங்கியது. பிறகு அவன், வெளியே விடும்வரை உண்ணமாட்டேன் என்று சாப்பாட்டை விட்டான்.

ஒருநாள் கடையில் தேங்காய் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த, முன்பின் கண்டிராத ஒரு கறுப்பின அம்மாவிடம், எனக்குத் தெரிந்த இங்கிலிசில் இதையெல்லாம் கொட்டிவிட்டேன். அவர் தேங்காயைக் கீழே வைத்தார்.

"நான் பிறந்தது அந்தத் தீவில்தான். முகாம் கட்டுவதற்காக எங்கள் எல்லாரையும் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். என் தாயின் கல்லறை அங்கே இருக்கிறது. உங்கள் பையன் ஒரு பூ வைப்பானா?"

"அதென்ன பெரிய காரியம்! நான் சொன்னால் செய்வான்" என்றேன்.

அன்று பின்னேரம் போனில் அவனிடம் சொன்னேன்.

"வேலியைத் தாண்ட ஏலாது, மாமா. நீங்கள் அங்கை இருந்து எல்லாருக்கும் ஓம் சொல்லுங்கோ!"

"காவலுக்கு நிக்கிறவனைக் கேட்டுப் பாரன்."

"கேக்கிறதுக்கு எழும்ப வேணுமே. எனக்கு எழும்ப ஏலாது."

"அப்ப சாப்பிட்டிட்டு எழும்படா!" கத்திவிட்டேன். பிறகு, எவனிடமும் கெஞ்சாத நான், "கும்பிட்டுக் கேக்கிறன், ராசா" என்றேன்.

போனுக்குள் விமானம் ஒன்று இரைந்துகொண்டு எழும்பியது. இரைச்சல் அடங்கியபின் அவன் குரல் வந்தது.

"அந்தத் தாயின்ர பேர் என்ன?"

நான் கேட்டு வைத்திருக்கவில்லை. அந்த அம்மாவின் பெயரையோ, எங்கே இருக்கிறார் என்பதையோகூடக் கேட்கவில்லை.

"நாளைக்குச் சொல்லுறன். அதுவரைக்கும் கஞ்சியாவது குடி."

"முதல்ல பேரைச் சொல்லுங்கோ."

மறுநாள் கடை திறந்ததிலிருந்து தேங்காய்ப் பெட்டியருகேதான் நின்றேன். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் எட்டிப் பார்த்தேன். அவர் வரவில்லை. பின்னேரம், அவன் பேசுகிற நேரத்துக்கு, சட்டைப் பைக்குள் போன் அடித்தது.